கடலோடிகள்: கல்லில் இல்லாத பெயர்களும் கரையில் காத்திருக்கும் குடும்பங்களும்

ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் 3ஆம் நாளன்று பிரித்தானியாவின் நகரசபைக் கட்டடங்கள் பலவற்றில் வணிகக் கப்பற்படையின் செங்கொடி ஏற்றப்படுகிறது. 1939ஆம் ஆண்டு இதே நாளில், போர் அறிவிக்கப்பட்ட சில மணி நேரத்துக்குள், ‘அதீனியா’ என்ற பயணிகள் கப்பல் ஜேர்மன் நீர்மூழ்கியின் தாக்குதலுக்கு இலக்கானது. அதன் நினைவாகவே இந்நாள் தெரிவுசெய்யப்பட்டது. எனினும், வணிகக் கடலோடிகளுக்கென இப்படியொரு நாள் ஒதுக்கப்பட்டது 2000ஆம் ஆண்டில்தான் என்பது குறிப்பிடத்தக்கது. போரில் மாண்ட படைவீரருக்கு 1919 முதல் மௌன அஞ்சலி செலுத்தி வரும் ஒரு நாட்டுக்கு, அப்படைவீரருக்கு உணவும் எரிபொருளும் கொண்டுசென்ற மாலுமிகளைத் தனியே நினைவுகூர எண்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது.

ஆயினும் பிரித்தானிய மாலுமிக்குக் கல்லில் இடம் முன்னரே கிடைத்துவிட்டது. இலண்டனின் டவர் ஹில் பகுதியில் இரு உலகப் போர்களிலும் உயிரிழந்து, கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத ஏறத்தாழ 36,000 வணிகக் கடலோடிகள், மீன்பிடிக் கப்பலோர் ஆகியோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பெயர்கள் கப்பல் வாரியாக அமைந்துள்ளன. கப்பலின் பெயர் மேலே, அதில் மாண்டோரின் பெயர்கள் கீழே. பார்ப்போர் அதை ஒரு முழுமையான பட்டியல் என்றே கொள்வர். ஆனால் அது முழுமையானதன்று. இந்தியத் துறைமுகங்களில் ஒப்பந்தம் செய்யப்பட்ட மாலுமிகளின் பெயர்களை அங்கே தேடுவோர் பெரும்பாலும் ஏமாற்றத்துடனேயே திரும்புவர். அதே கப்பலில், அதே இரவில், அதே வெடிப்பில் மாண்டவர்கள் இரு வேறு கண்டங்களில் இரு வேறு விதமாக நினைவுகூரப்படுகின்றனர்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது பிரித்தானிய வணிகக் கப்பல்களில் பணியாற்றியோரில் நான்கில் ஒருவருக்குக் குறையாதோர் இந்தியரும் சீனரும் ஆவர். இந்திய மாலுமிகளை ‘லாஸ்கர்’ என்ற சொல்லால் அழைத்தனர். கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுவது, இயந்திர அறைக்கு எண்ணெய் இடுவது, தளத்தைக் கழுவுவது, சமைப்பது ஆகியன அவர்களது வேலைகள். நீர்மூழ்கியின் வெடிகணை பெரும்பாலும் தாக்குவது கப்பலின் அடிப்பகுதியை. அங்கே நின்று வேலை செய்தவன் படியேறி மேலே வருவதற்குள் கடல்நீர் உள்ளே வந்துவிடும். சம்பளமோ பிரித்தானிய மாலுமி பெற்றதில் ஒரு சிறு பங்கே. 1939இல் போர் மூண்டவுடன் ஆயிரக்கணக்கான இந்திய மாலுமிகள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். நூற்றுக்கணக்கானோர் சிறையில் அடைக்கப்பட்டனர். கேட்டதில் ஒரு பகுதியையேனும் அவர்கள் பெற்றார்கள் என்பது வேறு கதை.

அப்போரில் மாண்ட 6,000க்கும் மேற்பட்ட இந்தியக் கடலோடிகளின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் பேணப்படும் பெயரேடுகளில் உள்ளன. மும்பை மஸ்ஜித் பந்தரில் உள்ள இந்திய மாலுமிகள் இல்லத்தில் அந்நினைவிடம் அமைந்திருக்கிறது. பெயர்கள் தொலைந்து போகவில்லை. ஆனால் அவை கண்ணில் படும் இடத்தில் இல்லை. டவர் ஹில்லைக் கடந்து நாளாந்தம் பல்லாயிரம் பேர் வேலைக்குச் செல்கின்றனர். மஸ்ஜித் பந்தரின் ஏட்டைத் திறந்து பார்ப்போர் எத்தனை பேர்? கொல்கத்தாவின் ஹூக்ளி நதிக்கரையில், முதல் உலகப் போரில் மாண்ட வங்காள, அசாம் மாலுமிகள் 896 பேருக்கு 1924இல் எழுப்பப்பட்ட நினைவுத் தூணும் உண்டு. அவ்வூர்க்காரருள்ளும் பலருக்கு அது எதற்கான தூண் என்பது தெரியாது.

இது பழங்கதைதானே, இன்று எதற்கு என்ற கேள்வி எழலாம். அன்று நடந்ததற்கும் இன்று நடப்பதற்கும் இடையே ஓர் ஒழுங்கு தொடர்ந்து வருகிறது. கடலோடிக்குக் கிடைக்கும் உதவியும் மதிப்பும் அவன் செய்த வேலையைப் பார்த்து வழங்கப்படுவதில்லை. அவன் எந்த நாட்டுக் கடவுச்சீட்டை வைத்திருக்கிறான், கப்பலில் எந்தக் கொடி பறக்கிறது என்பவற்றைப் பார்த்தே வழங்கப்படுகின்றன. அவனது குடும்பத்துக்கோ இவ்விரண்டில் எதுவும் எளிதில் எட்டுவதில்லை.

குடும்பம் என்னும்போது லிவர்பூலில் நடந்ததைச் சொல்லாமல் கடந்து செல்ல முடியாது. போர்க்காலத்தில் அந்நகரைத் தளமாகக் கொண்டு ஆயிரக்கணக்கான சீன மாலுமிகள் பிரித்தானியக் கப்பல்களில் பணியாற்றினர். 1942இல் சம ஊதியமும் போர்க்கால மேலதிகக் கொடுப்பனவும் கோரி வேலைநிறுத்தம் செய்து, ஓரளவு வெற்றியும் கண்டனர். போர் முடிந்தது. 1945 ஒக்டோபரில் உள்துறை அமைச்சில் கூட்டம் ஒன்று நடந்தது. ‘வேண்டத்தகாத’ சீன மாலுமிகளைத் திருப்பி அனுப்புவது பற்றிக் கோப்பு திறக்கப்பட்டது. அடுத்து வந்த மாதங்களில் ஏறத்தாழ 2,000 பேர் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் சில நூற்றுவர் லிவர்பூல் பெண்களை மணந்தோ அவர்களோடு இணைந்தோ வாழ்ந்து, பிள்ளைகளும் பெற்றிருந்தனர். ‘சிறு பயணம்’ என்று எண்ணிக் கப்பலேறியவர் திரும்பவில்லை. மனைவியருக்கு எவரும் எதுவும் சொல்லவில்லை. கணவன் தன்னைக் கைவிட்டுச் சென்றான் என்ற எண்ணத்துடனேயே அப்பெண்களுள் பலர் மறைந்தனர். தந்தை தங்களை வேண்டாமென்று போனார் என்று நம்பியே பிள்ளைகள் வளர்ந்தனர். பல பத்தாண்டுகளின் பின்னர் ஆவணங்கள் வெளியானபோதுதான் உண்மை தெரிந்தது. 2006இல் லிவர்பூல் துறைமுக முகப்பில் ஒரு நினைவுப் பலகை வைக்கப்பட்டது. அந்த மாலுமிகள் வற்புறுத்தி அனுப்பப்பட்டனர் என்பதை உள்துறை அமைச்சின் உள் ஆய்வு ஏற்றுக்கொள்ள 2022 வரை செல்ல நேர்ந்தது.

கடலோடியின் குடும்பத்துக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய கொடுமை வறுமையில் விடுவதன்று, தகவல் இல்லாமல் விடுவதே என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. இறந்தால் ஒரு நாள் அழுது தீர்க்கலாம்; என்ன ஆனார் என்று தெரியாத வீட்டில் அழுகைக்குக்கூட முடிவு இல்லை. தமிழர் இல்லங்கள் பலவற்றுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை இராது.

இன்றைய நிலைக்கு வருவோம். உலக வணிகத்தில், அளவின் அடிப்படையில், ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடல்வழியே செல்கிறது. இதைச் சுமப்போர் ஏறத்தாழ 19 இலட்சம் கடலோடிகள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, சீனா, இந்தியா, ரஷ்யா, உக்ரேன் ஆகிய நாடுகளே இவர்களைப் பெருமளவில் அனுப்புகின்றன. இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்துவது நல்லது. தமிழ் வாசகர் மனதில் கடற்றொழில் என்றதும் மீனவரே தோன்றுவர். அவர்தம் துயரம் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது, இன்னும் எழுதப்பட வேண்டும். ஆனால் எண்ணெய்க் கப்பலிலும் கொள்கலன் கப்பலிலும் ஒன்பது மாத ஒப்பந்தத்தில் ஏறிச் செல்லும் இளைஞனின் நிலை வேறு. அவன் படித்தவன், சான்றிதழ் உள்ளவன், டொலரில் சம்பளம் வாங்குபவன் என்பதால் ஊராருக்கு அவன்மீது இரக்கம் தோன்றுவதில்லை, பொறாமையே தோன்றுகிறது. அந்தச் சம்பளம் வராமல் போகும் நாளில் என்ன நிகழ்கிறது என்பதை எவரும் கேட்பதில்லை.

கப்பல் உரிமையாளன் கடனில் மூழ்கினால், கப்பலைப் பழுதுபார்க்கும் செலவு அதன் விலையை மிஞ்சினால், அவன் செய்யக்கூடிய மலிவான காரியம் தொலைபேசியை எடுக்காமல் இருப்பதே. கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும். எரிபொருள் தீரும். எரிபொருள் தீர்ந்தால் மின்பிறப்பாக்கி நிற்கும். அது நின்றால் விளக்கு இல்லை, குளிர்பதன அறை இல்லை, கடல்நீரைக் குடிநீராக்கும் கருவியும் இல்லை. வளைகுடா வெயிலில் இரும்புக் கப்பலின் உள்ளறை எவ்வாறு இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். சரி, இறங்கி வீட்டுக்குப் போகலாமே என்றால் அதுவும் இயலாது. ஆளில்லாத கப்பல் பிற கப்பல்களுக்கு ஆபத்து என்பதால், மாற்று ஆட்கள் வரும்வரை குறைந்தபட்ச ஆட்கள் கப்பலில் இருந்தே ஆகவேண்டும் என்று துறைமுக அதிகாரிகள் சொல்வர். அவர்கள் சொல்வதும் நியாயமே. மாற்று ஆட்களை அனுப்ப வேண்டியவனோ தலைமறைவு. மேலும், இறங்கிச் சென்றால் நிலுவைச் சம்பளத்தைக் கேட்கும் பிடிமானம் போய்விடுமே என்ற அச்சமும் மாலுமியைக் கப்பலோடு கட்டிவைக்கிறது.

சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் கணக்கின்படி, 2024ஆம் ஆண்டில் மட்டும் 312 கப்பல்களில் 3,133 கடலோடிகள் இவ்வாறு கைவிடப்பட்டனர். அவர்களுள் மிகுதியானோர் இந்தியர். ஏறத்தாழ 900 பேர். கப்பல் ஒரு நாட்டவருக்குச் சொந்தம், பதிவு இன்னொரு நாட்டில், காப்புறுதி வேறோரிடத்தில், ஆள்சேர்ப்பு முகவர் மற்றோர் ஊரில் என்றிருக்கும்போது எவரைப் பிடித்துக் கேட்பது? பதிவுக் கட்டணத்துக்காகவே தமது கொடியை வாடகைக்கு விடும் நாடுகள் சில, அக்கொடியின் கீழ்ச் சாகக் கிடப்பவனின் கடிதத்துக்குப் பதிலும் எழுதுவதில்லை.

எகிப்தில் ‘அமான்’ என்ற கப்பலுக்கு நடந்தது உலகறிந்தது. 2017இல் சான்றிதழ்கள் காலாவதியானதால் அது தடுத்து வைக்கப்பட்டது. கரைக்குச் சென்றிருந்த கப்பல் தலைவருக்குப் பதிலாக, சிரிய நாட்டவரான தலைமை அதிகாரியை அக்கப்பலின் ‘சட்டபூர்வக் காவலர்’ என்று நீதிமன்றம் அறிவித்தது. தாள் ஒன்றில் இட்ட கையொப்பத்தின் பொருள் அவருக்குப் பின்னரே விளங்கியது. சக மாலுமிகள் ஒருவர்பின் ஒருவராக வீடு திரும்ப, அவர் தனியே எஞ்சினார். 2018இல் தாய் இறந்தார்; போக இயலவில்லை. பின்னர் புயலில் கப்பல் இழுபட்டுக் கரைக்கு அருகே ஒதுங்கியது. உணவு வாங்கவும் கைத்தொலைபேசிக்கு மின்னேற்றவும் அவர் நீந்திக் கரைக்குச் சென்று வந்தார். 2021 ஏப்ரலில், தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவர் அந்தக் காவலர் பொறுப்பைத் தான் ஏற்க முன்வந்த பின்னரே அவர் விமானம் ஏற முடிந்தது. நான்கு ஆண்டுகள்! செய்த குற்றம், வேலைக்குப் போனது.

மாலுமியைக் கைவிடுவது மாலுமியின் பிரச்சினை மட்டுமே என்று எண்ணுவோர் பெய்ரூட்டை நினைத்துப் பார்க்கலாம். 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்றுடன் 2013 நவம்பரில் அங்கு வந்த ‘ரோசஸ்’ கப்பலும் உரிமையாளரால் கைவிடப்பட்டதே. கப்பல் தலைவரும் மூன்று மாலுமிகளும் ஏறத்தாழ ஓராண்டு அதில் அடைபட்டுக் கிடந்தனர். அவர்கள் போன பின்னர் சரக்கு துறைமுகக் கிடங்குக்கு மாற்றப்பட்டது. 2020 ஓகஸ்ட் 4 அன்று அது வெடித்தபோது 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. கைவிடப்பட்டோருக்கு உணவு, வீடு திரும்பும் செலவு, நான்கு மாதச் சம்பளம் ஆகியவற்றைக் காப்புறுதி மூலம் உறுதிசெய்ய வேண்டும் என்ற திருத்தம் 2017 ஜனவரியில் சேர்ந்தது. ஆள்சேர்ப்புக்கென மாலுமியிடம் பணம் வாங்கக்கூடாது என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. இவற்றை மதிக்கும் நிறுவனங்கள் பல உள்ளன என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் கைவிடப்படும் கப்பல்கள் அந்நிறுவனங்களுக்குரியவை அல்ல. அவை பழையவை, சிறியவை, காப்புறுதி வெறும் காகிதத்தில் உள்ளவை. முதல் கப்பலுக்காகத் தாயின் நகையை அடகு வைத்து முகவருக்குப் பணம் கட்டிய இளைஞன் போய்ச் சேருவதும் அத்தகைய கப்பலுக்கே. நான்கு மாதத்துக்கு மேற்பட்ட சம்பளத்தைப் பெற நீதிமன்றம் கப்பலை ஏலம் விட வேண்டும். அதற்கு ஆண்டுகள் ஆகும். அடகுக் கடைக்காரர் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதில்லை.

இந்த இடைவெளியில்தான் அறக்கொடை நிறுவனங்கள் நிற்கின்றன. அரசு வராத, காப்புறுதி வராத அந்த மாதங்களில் படகில் அரிசியும் குடிநீரும் கொண்டுபோவது பெரும்பாலும் ஏதாவதொரு மாலுமிகள் தொண்டு நிறுவனமே. பிரித்தானியாவில் இம்மரபு நீண்டது. மாலுமிகள் சங்கம் 1818இல் தோன்றியது. ‘மிஷன் டு சீஃபேரர்ஸ்’ 1856இல். கத்தோலிக்கரின் ‘ஸ்டெல்லா மாரிஸ்’ 1920இல் கிளாஸ்கோவில். இலண்டன் லைம்ஹவுஸ் பகுதியில் 1857இல் திறக்கப்பட்ட ஆசிய, ஆபிரிக்க அந்நியர் இல்லத்தின் வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது. கிழக்கிந்தியக் கப்பல்களில் வந்து, திரும்பிச் செல்ல வழியின்றித் தெருவில் குளிரிலும் பசியிலும் மாண்ட லாஸ்கர்களைக் கண்டு எழுந்த நிலையம் அது. அதற்குக் கொடையளித்தோருள் பஞ்சாபின் கடைசி மன்னரான துலீப் சிங்கும் ஒருவர். அவர் வழங்கியது 500 பவுண். கப்பல் நிறுவனங்கள் ஈட்டிய இலாபத்தின் முன் அது சிறு தொகை. ஆனால் தம் நாட்டு மாலுமிக்காகத் தாமே கொடுத்த ஒருவர் இருந்தார் என்பது பதிவாகியிருக்கிறது.

இந்நிறுவனங்கள் யாவும் கிறித்தவ சமயச் சார்புடையவை. மதமாற்ற நோக்கம் அன்று அவற்றுக்கு இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இன்று கப்பலில் ஏறும் தொண்டர் மாலுமியின் சமயத்தைக் கேட்டு சிம் அட்டை கொடுப்பதில்லை. இந்துக் கோயில்களோ தமிழர் அமைப்புகளோ ஏன் இத்தகைய ஒரு நிலையத்தைத் துறைமுகத்தில் நடத்தவில்லை என்ற கேள்வியே இங்கு பொருத்தமானது.

அன்று சூடான உணவும் படுக்கையும் தேவைப்பட்டன. இன்று முதலில் கேட்கப்படுவது இணையத் தொடர்பு. கொள்கலன் கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்பது சில மணி நேரமே. வேலை முடித்த மாலுமிக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம். அதற்குள் அவன் வீட்டாரின் முகத்தைத் திரையில் பார்க்க வேண்டும். மாலுமிகளுக்கு நியாயமான கட்டணத்தில் இணைய வசதி அளிக்க வேண்டும் என்ற திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2024 டிசெம்பரில்தான். ‘இயன்றவரை’ என்ற சொல் அதிலும் நுழைந்துவிட்டது. செய்மதி இணையம் கைக்கெட்டிய இக்காலத்தில் இயலாமை என்பது தொழில்நுட்பத்தின் இயலாமை அன்று.

2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ‘டாலி’ என்ற கப்பல் மின்சாரம் இழந்து பாலத்தில் மோதியதை உலகம் முழுவதும் திரும்பத் திரும்பப் பார்த்தது. கப்பலில் இருந்த 21 மாலுமிகளுள் 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கையர். கப்பலிலிருந்து அபாய அறிவிப்பு உரிய நேரத்தில் சென்றதால் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. இல்லையேல் மேலும் பலர் மாண்டிருப்பர். பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு தொழிலாளர் உயிரிழந்தனர். அவர்களும் இலத்தீன் அமெரிக்காவிலிருந்து பிழைக்க வந்த குடியேறிகளே. சில நாட்களுக்குள் இணையத்தில் இந்திய மாலுமிகளைக் கோவணத்துடன் அலறுவோராகச் சித்திரித்த கேலிப்படம் பரவியது. விசாரணையாளர் மாலுமிகளின் கைத்தொலைபேசிகளை எடுத்துச் சென்றனர். பாலத்தின் உடைந்த இரும்பு கப்பல் மேல் கிடக்க, அதை வெடிவைத்து அகற்றிய வேளையிலும் அவர்கள் கப்பலிலேயே இருந்தனர். அவர்களுக்கு மாற்றுத் தொலைபேசியும் சிம் அட்டையும் தின்பண்டமும் உடையும் சேர்த்துக் கொடுத்தோர் பால்டிமோர் துறைமுகத்தின் மாலுமி நலத் தொண்டர்கள். விபத்தின் மூலம் தளர்ந்திருந்த ஒரு மின்கம்பி இணைப்பே என்று அமெரிக்க விசாரணை வாரியம் கூறியது 2025 நவம்பரில். கேலிப்படம் பார்த்த இலட்சக்கணக்கானோரில் எத்தனை பேர் அச்செய்தியைப் படித்திருப்பர்?

தமிழ்நாட்டிலும் இப்படியொரு கதை உண்டு. 2013 ஒக்டோபரில் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்ட ‘சீமன் கார்ட் ஒஹாயோ’ கடற்கொள்ளைத் தடுப்புக் காவலரைச் சுமந்த கப்பல். அதிலிருந்த 35 பேரும் ஆயுத வழக்கில் கைதாகினர்; 2016 ஜனவரியில் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது; 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனைவரையும் விடுவித்தது. அவர்களுள் அறுவர் பிரித்தானியர். ‘சென்னை அறுவர்’ என்ற பெயரில் அவர்களுக்காகப் பிரித்தானியப் பத்திரிகைகள் எழுதின, மனுக்கள் குவிந்தன, நாடாளுமன்றம் பேசியது. மாலுமித் தொண்டு நிறுவனம் அவர்தம் குடும்பங்களுக்கு இறுதிவரை துணை நின்றது. அக்குடும்பங்கள் ஓயாது போராடின, அது பாராட்டுக்குரியது. ஆனால் அதே கப்பலில் 14 எஸ்தோனியரும் மூன்று உக்ரேனியரும் 12 இந்தியரும் இருந்தனரே? அந்தப் பன்னிரு இந்தியரின் மனைவியர் நான்கு ஆண்டுகள் எவ்வாறு வாழ்ந்தனர் என்று தமிழ்ப் பத்திரிகைகள்கூடப் பெரிதாக எழுதவில்லை. சிறை இருந்தது தமிழ்நாட்டில்.

விருதுகள் வழங்கப்படுகின்றன என்பது உண்மை. ஜூன் 25ஐ உலகக் கடலோடிகள் நாளாகச் சர்வதேச கடல்சார் அமைப்பு 2011 முதல் கொண்டாடி வருகிறது. 2024 ஜனவரியில் ஏவுகணையால் தாக்கப்பட்டு எரிந்த ‘மார்லின் லுவாண்டா’ எண்ணெய்க் கப்பலைக் காத்த இந்தியக் கப்பல் தலைவருக்கும் மாலுமிகளுக்கும் அதே அமைப்பு அவ்வாண்டின் வீர விருதை அளித்தது, தகுதியான விருது. ஆனால் பெருந்தொற்றுக் காலத்தில் நடந்தது மறக்கத்தக்கதன்று. 2020 இறுதியில் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க இயலாமல் ஏறத்தாழ 4 இலட்சம் மாலுமிகள் கப்பல்களில் சிக்கியிருந்தனர். அவர்களை இன்றியமையாப் பணியாளராக ஏற்குமாறு ஐ.நா. பொதுச்சபை அவ்வாண்டு டிசெம்பரில் தீர்மானமே நிறைவேற்றியது. அரிசியும் மருந்தும் இறக்க அனுமதித்த துறைமுகங்கள் பல, அவற்றைக் கொண்டுவந்தவனை இறங்க விடவில்லை. தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாலுமி நடுக்கடலில் நின்றான்.

புலம்பெயர் தமிழரின் பக்கம் பார்க்கலாம். கடலோடுதல் இவர்களுக்கு அந்நியமான தொழிலன்று. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, வல்வைக் கடலோடிகளால் செலுத்தப்பட்டு, 1938இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கப்பலின் பெயரைத் தமிழ் நிகழ்ச்சிகளில் பெருமையுடன் சொல்வோர் அதைச் செலுத்திய தண்டையலின் பெயரைச் சொல்லத் தடுமாறுவர். ‘கப்பலோட்டிய தமிழன்’ என்று வ.உ.சிதம்பரனார் போற்றப்படுவதும் தகுதியானதே. ஆனால் சுதேசிக் கம்பனியின் ‘காலியா’, ‘லாவோ’ கப்பல்களின் இயந்திர அறையில் நின்று கரி அள்ளியோர் யாவர்? முதலாளியைத் தெரியும், கப்பலைத் தெரியும், மாலுமியைத் தெரியாது என்ற குறை பிரித்தானியருக்கு மட்டும் உரியதன்று.

இலண்டன், ரொட்டர்டாம், ஹம்பர்க், மொன்றியல், மெல்பேர்ண், சிங்கப்பூர் எனத் தமிழர் செறிந்து வாழும் நகரங்கள் பல துறைமுக நகரங்கள். தமிழ்க் கடைகளில் விற்கும் மிளகாய்த்தூளும் மாவும் தேங்காய்ப்பாலும் கொள்கலனிலேயே வருகின்றன. கொடைக்கும் இச்சமூகம் பின்நிற்பதில்லை. கோயில் தேருக்கும் ஊர்ப் பாடசாலைக்கும் பழைய மாணவர் சங்க இரவு விருந்துக்கும் அள்ளிக் கொடுக்கிறது. அதில் ஒரு சிறு பங்கு கைவிடப்பட்ட மாலுமிகளின் குடும்பங்களுக்கென ஒதுக்கப்படுமாயின் பெரிய பயன் விளையும். நாடு திரும்பும் விமானச் செலவைக் காப்புறுதி என்றாவது கொடுத்துவிடும். அதற்கிடையே அடகு நகைக்கான வட்டியையும் பிள்ளையின் பாடசாலைக் கட்டணத்தையும் எவரும் கொடுப்பதில்லை. அறக்கொடை நிறுவனங்களின் உதவி பெரும்பாலும் துறைமுகத்தோடு நின்றுவிடுகிறது. தூத்துக்குடியிலோ யாழ்ப்பாணக் கரையோரத்திலோ உள்ள வீட்டை அறிந்தவர்கள் தமிழர்களே.

பணத்தைவிட முக்கியமானது எச்சரிக்கை. கப்பல் வேலைக்குப் போகப்போகிறேன் என்று சொல்லும் உறவினர் ஊரில் எவருக்கும் உண்டு. அவ்விளைஞனின் முகவர் உரிமம் பெற்றவரா என்பதை இந்தியாவில் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்திலும், இலங்கையில் வணிகக் கப்பல் செயலகத்திலும் சரிபார்க்கலாம். கப்பலின் ஏழிலக்கப் பதிவெண் கிடைத்தால், அதன் வயது என்ன, எத்தனை முறை கொடி மாறியது, முன்னர் தடுத்து வைக்கப்பட்டதா, கைவிடப்பட்டோர் பட்டியலில் உண்டா என்பவற்றையும் இணையத்தில் தேடி அறியலாம். கணினித் துறையில் பணிபுரியும் புலம்பெயர் தமிழர் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அரைமணி நேரத்தில் முடியும் இத்தேடல், ஓர் இளைஞனின் இரண்டு ஆண்டுகளைக் காப்பாற்றக்கூடும். முகவர் பதிவெண்ணைக் கொடுக்க மறுத்தால் அதுவே விடை.

நினைவுகூரலைப் பொறுத்தவரை, செப்டெம்பர் 3 நிகழ்வுகளுக்குத் தமிழர் அமைப்புகள் ஒரு மலர்வளையத்துடன் செல்வதை எவரும் தடுக்கப்போவதில்லை. இலண்டனில் வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள் பிள்ளைகளை அருங்காட்சியகங்களுக்கு அழைத்துச் செல்கின்றன. டவர் ஹில்லுக்கும் ஒருமுறை அழைத்துச் சென்று, அங்கே எவரது பெயர் இல்லை என்பதையும் சொல்லிக் கொடுக்கலாம். மும்பை ஏட்டில் உள்ள பெயர்களைக் கப்பல் வாரியாகப் பிரித்து, டவர் ஹில்லின் கப்பல் பெயர்களோடு இணைத்து ஒரே பட்டியலாக்குவது தரவுத்தள வேலை அறிந்த நாலைந்து பேரால் முடியக்கூடியதே.

இலண்டன் பொப்லர் பகுதியில், கிழக்கிந்தியத் துறைமுகச் சாலையில், விக்டோரியா மகாராணியின் பெயர் தாங்கிய மாலுமிகள் இல்லம் ஒன்று உண்டு. அதன் வரலாறு 1843இல் தொடங்குகிறது. ஈஸ்ட்ஹாமின் தமிழ்க் கடைத்தெருவிலிருந்து அது அதிகத் தொலைவில் இல்லை. டில்பரி, பீலிக்ஸ்டோ போன்ற துறைமுகங்களின் மாலுமி நிலையங்களுக்கு எப்போதும் தட்டுப்பாடாக இருப்பது தொண்டர்களே: கப்பல் ஏணி ஏறி நலம் விசாரிப்போர், கம்பளித் தொப்பி பின்னிக் கொடுப்போர், மாலுமிகளைத் துறைமுக வாயிலிலிருந்து கடைக்கு அழைத்துச் சென்று மீளக் கொண்டுவந்து விடுவோர். ஓட்டுநர் உரிமமும் வாரத்தில் ஒரு மாலைப் பொழுதும் உள்ளவர் அந்நிலையங்களைத் தொடர்புகொள்ளலாம். இந்திய, இலங்கை மாலுமிகள் வரும் நாட்களில் தமிழ் தெரிந்த ஒருவர் அவ்வண்டியை ஓட்டுவதால் கூடுதல் பயனும் உண்டு. ஒப்பந்தத்தில் உள்ள சம்பளமும் வீட்டுக்குப் போய்ச் சேரும் சம்பளமும் ஒன்றுதானா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடலாம்.